மூன்றாம் வாசல்

கேண்டீன் சுவரில் புதிதாக ஒரு தேனீ.
மஞ்சள் தொப்பி, உயர்த்திய கட்டைவிரல், பல் தெரியும் சிரிப்பு.
தேனீயைப் போல் உழைப்போம் என்று மூன்று மொழியில்.
தமிழில் மட்டும் ஓர் எழுத்து பிசகி
உலைப்போம் என்றிருந்தது.
யாரும் திருத்தவில்லை.
பிழை என்று எனக்கும் தோன்றவில்லை.

நிஜத் தேனீக்கள் மூன்றாம் வாசலில் இருந்தன.
தீயணைப்புக் குழாய்ப் பெட்டிக்குள்,
சிவப்புச் சுருளுக்கும் சுவருக்கும் நடுவே
நாலு அடை.
அவசரத்தில் உடைக்கவும் என்ற கண்ணாடி வழியே
இருபது நிமிட இடைவேளைகளில்
பதினோரு வாரம் பார்த்தேன்.

பிறந்ததும் முதல் வேலை
பிறந்த அறையைத் துடைப்பது.
பிறகு புழுவுக்கு ஊட்டல், மெழுகு, வாசற்காவல்.
வெளியே பறப்பது கடைசியில்தான்,
இறக்கை ஓரம் நைந்து கிழியும்வரை.
ஆபத்தை வயதானதுகளிடம் கொடுக்கிறது கூடு.
எங்களிடம் நேர்மாறு.
ஆசிட் தொட்டிப் பக்கம்
போன மாதம் வந்திறங்கிய பையன்கள்;
பாஸ்போர்ட் ஏஜெண்டிடம் இருக்கும்வரை
எதற்கும் தலையாட்டுவார்கள்.

இன்னொன்றும் பார்த்தேன், சூப்பர்வைசரிடம் சொல்லவில்லை.
பாதித் தேனீக்கள் சும்மா இருந்தன.
நடந்தன, நின்றன,
பசார் மாலாமில் எதையும் வாங்காமல் சுற்றுபவர்கள் போல.
ஒன்று என் இடைவேளை முழுக்க
காலி அறைக்குள் தலையை நுழைத்துத் தூங்கியது.
யாரும் எழுப்பவில்லை.
பெயரை எழுதிக்கொள்ளவில்லை.

அங்சானா பூத்த வாரத்தில்
பாதுகாப்பு அதிகாரி கோ கண்டுபிடித்துவிட்டார்.
நாளைக்கே மருந்து என்றார்.
காவலுக்கு நிற்கும் தில் பகதூர்
யாருக்கோ போன் போட்டார்.
மதியம் மூன்று மணிக்கு
தெலுக் கும்பாரிலிருந்து மோட்டாரில் பஹாரோம்,
பின்னால் ரப்பர் கயிற்றில் கட்டிய மரப்பெட்டி.

அடைகளை அறுத்துச் சட்டங்களில் கட்டினார்.
ராணியைத் தீப்பெட்டி அளவுக் கூண்டில் வைத்தார்.
பெட்டியைத் திறந்துவைத்துவிட்டு
குப்புறக் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தார்.

முடிந்ததா என்றார் கோ.
இன்னும் இல்லை.
ராணி உள்ளேதானே?
ராணி உள்ளே. ஆளுங்க வெளியே.

கோ கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
என் ஷிஃப்டும் முடிந்தது; பஸ்ஸை விட்டுவிட்டு நின்றேன்.
தலைக்கு மேல் விமானமொன்று சக்கரம் நீட்டி இறங்கியது.
காலில் மஞ்சள் மகரந்தத்தோடு
ஒவ்வொன்றாய் வந்தன.
பழைய கண்ணாடியில் முட்டி,
காற்றில் வீடு தேடி,
கீழே வாசம் பிடித்து இறங்கின.
அவர் பேசவில்லை. கை அசைக்கவில்லை.
வருபவர்களுக்காக ஒரு மனிதர்
இவ்வளவு நேரம் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

பழைய கம்பெனி மூடியபோது
கேட்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தது,
செல்லோடேப் நாலு மூலையிலும் ஒழுங்காக.
எங்களை இறக்கிவிட்ட பஸ் திரும்பிப் போயிருந்தது.
செண்பகவல்லி சோற்று டப்பாவைக் கையில் வைத்தபடி
பத்து மணிவரை நின்றாள்.
உள்ளே மெஷின்களும் இல்லை என்று
பிறகுதான் தெரிந்தது.

இருட்டியதும் பஹாரோம் வலையை மூடினார்.
எல்லாமா என்று கேட்டேன்.
எல்லாம் என்று யார் சொல்ல முடியும் என்றார்,
மோட்டாரை மெதுவாகவே ஓட்டிப் போனார்.

மறுநாள் காலை, குழாய்ச் சுருளின்மேல்
மூன்று.
இறக்கையோடு இறக்கை ஒட்டி.
தில் பகதூர் ஒரு மூடியில் சீனித் தண்ணீர் வைத்திருந்தார்.
அதற்கடுத்த நாள் இரண்டு.
பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை.

கேண்டீனில் ஆள் இல்லாத ஒரு நேரம்
சுவர்த் தேனீயின் இறக்கை ஓரத்தை
பால்பாயிண்டால் கொஞ்சம் கிழித்து வரைந்தேன்.
கட்டைவிரலை அப்படியே விட்டுவிட்டேன்.