இரண்டாம் கணு வரை

மாடி ஒர்னெல்லாவுக்கு, கீழ்த்தளம் எலிஜியோவுக்கு
என்று வக்கீல் எழுதினார்.
தோட்டத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை.
ஃபெராராவுக்கு வெளியே, ரயில் பாதைக்கும் கால்வாய்க்கும் நடுவில்
மூன்று பாத்தி.
அதில் நான்கு சுக்கினிச் செடிகள்.
விதை வாங்கியது நானா அவனா என்பதில்கூட
எங்களுக்கு ஒத்துப்போகவில்லை.

ஜூலை முழுக்கப் பேச்சில்லை.
மதியம் இரண்டு மணிக்கு ஜன்னலில் நின்று பார்ப்பேன்.
அந்தப் பெரிய இலைகள்
பாதி மடக்கிய குடைகளாகத் தொங்கும்.
பாவம், நா வறண்டு சாகின்றன என்று
குழாயோடு படியிறங்கி ஓடுவேன்.
தலையோடு காலாக, மழைபோல அடிப்பேன்.
குழாயின் ஓட்டை வழியாக என் செருப்புக்கும் பாதி.
தம்பி தூங்கும் நேரம் அது.
அவனுக்கு ரொட்டி ஆலையில் இரவு வேலை;
விடியலில் வருவான்.
வந்ததும் என்ன செய்வான் என்று தெரியாது,
நான் தூங்கும் நேரம் அது.

இலைகளில் வெள்ளைப் பொடி படிந்தது.
சட்டையை இங்கேதான் உதறுகிறான், மாவு,
என்று திட்டிக்கொண்டே துடைத்தேன்.
மறுநாள் மறுபடியும்.
மாவில்லை. பூஞ்சை.
அப்புறம் அடியிலைகள் பழுத்தன.
சுண்டுவிரல் நீளப் பிஞ்சுகள்
நுனி அழுகி, பூவோடு விழுந்தன.
போதவில்லை போலிருக்கிறது என்று
இன்னொரு வாளி ஊற்றினேன்.

போலோனாவில் கண் மருத்துவரிடம் போய்
இரண்டு நாள் கழித்துத் திரும்பினேன்.
களிமண் மேலே காய்ந்து
பாளம் பாளமாக வெடித்திருந்தது.
ஒரு காதணி கழன்று வெடிப்புக்குள் விழுந்தது.
விரலை விட்டுத் துழாவினேன்.
முதல் கணு, வறட்சி.
இரண்டாம் கணு, சேறு.
சில்லென்று, புளித்த வாடையோடு.

நான் ஊற்றாத தண்ணீர்.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.
ஒரே நாளில் இரண்டு முறை, ஒரு மாதமாக,
இரண்டு பேர் சேர்ந்து
நான்கு செடிகளை மூழ்கடித்திருக்கிறோம்.
ஆறு மணிக்கு வெயில் தாழ்ந்தபோது
தொங்கிய இலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன,
யாரும் ஒரு சொட்டு ஊற்றாமலே.
அது தாகமில்லை.
வெயிலுக்கு முகம் கொடுக்காமல் இருந்திருக்கின்றன,
அவ்வளவுதான்.

காதணி கிடைக்கவில்லை.

வேலிக் கம்பியில் சிவப்புத் துணி கிளிப் ஒன்றை மாட்டினேன்.
கம்பத்துக்கு இடப்பக்கம் இருந்தால்
நான் ஊற்றிவிட்டேன் என்று அர்த்தம்.
இதை அவனிடம் எப்படிச் சொல்வது?
சொல்லவில்லை.
மூன்று நாள் அசையாமல் இருந்தது.
நான்காம் நாள் காலை
வலப்பக்கம்.
ஓடிப்போய் விரலை விட்டேன்.
இரண்டாம் கணு வரை ஈரம்,
தண்டின் காலடியில் மட்டும்.
மேலே இலைகள் உலர்ந்து சொரசொரத்தன.
ஆண் பூ ஒன்றுக்குள் தேனீ
மகரந்தம் அப்பிய முதுகோடு புரண்டது.
அவனுக்கு முதலிலிருந்தே ஒழுங்காக ஊற்றத் தெரிந்திருக்கிறது;
அதற்காகவும் கொஞ்சம் கோபம் வந்தது.

பிறகு செடிக்கு ஒரு வாளி, மெதுவாக,
வாரத்துக்கு இருமுறை.
ஒருமுறை இடம், ஒருமுறை வலம்.
மூன்று செடிகள் பிழைத்தன.
இலைக்கடியில் ஒளிந்த ஒரு காய்
முழங்கை நீளம் வளர்ந்துவிட்டது,
இருவருமே மற்றவர் பறிப்பார் என்று விட்டதால்.

ஆகஸ்ட் நடுவில் ஓர் இரவு
கூரை இடிவதுபோல மழை.
காலையில் கம்பியில் கிளிப்பைக் காணோம்.
இடத்திலும் இல்லை, வலத்திலும் இல்லை.
மதில் மூலையில், கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயில்
அதை மாட்டி வைத்திருந்தான்.

சத்தமாகச் சிரித்துவிட்டேன்.
கீழ்த்தள ஜன்னல் திறந்துதான் இருந்தது.