பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம்

பேசின் பிரிட்ஜ் தாண்டி
கால்வாய் வாடை முடிந்து
எண்ணெய் வாடை தொடங்குகிற இடத்தில் எங்கள் கேட்.

லாரியில் வருவதற்கு எண்ணெய் என்று பெயர்தான்.
கவிழ்த்தால் ஊற்றாது.
நீராவிக் குழாயைச் சுற்றிவிட்டு
நூற்று முப்பது டிகிரி வரை கெஞ்சினால்
நகரச் சம்மதிக்கும்.
அதிலிருக்கும் தண்ணீரையும் மண்ணையும்
சுழற்றிப் பிரிப்பது எத்திராஜுலு.
மாதிரிப் பாட்டிலை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து
"சரக்கு சரியில்ல" என்பார்,
காசிமேட்டில் மீனின் செவுளைத் திறந்து பார்க்கிறவர் போல.

இப்போதெல்லாம் அதிகம் ஓட்டுவதில்லை.
எங்கள் யூனிட் விலை ஜாஸ்தி.
காற்று மலிவு, வெயில் அதைவிட மலிவு.
ஆனாலும் எஞ்சின் ஆறிவிடக் கூடாது என்று உத்தரவு.
சுடுதண்ணீர் அதன் உடம்புக்குள் ஓடிக்கொண்டே இருக்கும்.
ஓடாத எஞ்சினுக்குச் சூடு பார்க்கச் சம்பளம் என்றால்
மச்சினன் நம்பமாட்டேன் என்கிறான்.

புதன்கிழமை, வெயில் போன ஏழு ஐம்பதுக்கு போன்.
தெற்கே காற்று விழுந்துவிட்டதாம்.
ஊரில் எல்லா ஏசியும் ஒன்றாக விழித்துக்கொண்டதாம்.
"மூணாம் நம்பரை எடுங்க."

அடைத்துவைத்த காற்று ஓர் உதை விட்டது.
ஒரு பிஸ்டன் அசைந்தது, பிறகு அதன் பக்கத்துக்காரன்.
ஊசித்துளையில் எண்ணெய் பனியாகச் சிதற
தீக்குச்சி வேண்டியதில்லை,
நசுங்கிய காற்றின் சூடே பற்றவைக்கும்.
வெடிப்பு தள்ளுகிறது, தண்டு சுழல்கிறது,
தண்டோடு காந்தம்,
காந்தத்தைச் சுற்றிச் செம்பு.
பள்ளிப் புத்தகத்தில் இது அரைப் பக்கம்.

மீதி அரைப் பக்கம் என் கையில்.
கடிகாரம் போன்ற முகத்தில் ஒரு முள் சுற்றுகிறது.
வெளியே மொத்த ஊரின் துடிப்பு, உள்ளே எங்களுடையது.
இரண்டும் ஒத்துப்போகும் இடம் பன்னிரண்டு.
தப்பினால் தண்டு முறியும்.
வேகம் கொஞ்சம் கூட்டு.
போதும்.
முள் மெதுவாக ஏறி வருகிறது.
பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில்
விசையைத் திருப்பினேன்.

சத்தம் ஒன்றுமில்லை.
எஞ்சின் மட்டும்
முதுகில் மூட்டை ஏற்றிய ஆள் மாதிரி
ஒரு தரம் முனகிற்று.

அது யார் வீட்டுக்குப் போனது என்று தெரியாது.
கம்பியில் ஏறிய பிறகு
எண்ணெய் எது, காற்று எது?

பதினொன்றுக்கு மறுபடி போன். "போதும், இறக்கிடுங்க."
எத்தனை வாளி கசடு என்று எத்திராஜுலு எழுதினார்.
எத்தனை யூனிட் என்று நான் எழுதினேன்.
சுடுதண்ணீர் வால்வைத் திறந்துவிட்டு
அதன் விலாவில் புறங்கையை வைத்துப் பார்த்தேன்.
இருந்தது.