டிவி தின்னும் ஓரம்

இரவு எட்டுக்கு நாரின் நகரில் மின்சாரம் போகும்.
அதற்குள் எரித்து முடிக்க வேண்டும்.
போன வாரம் ஒரு கல்யாணம்
தொண்ணூற்றேழு சதவீதத்தில் செத்தது.
அந்தத் தட்டின்மேல்தான் இப்போது டீ வைக்கிறேன்.

ஜிபார் மதியமே வந்தாள்.
கையுறைக்குள்ளிருந்து பென்டிரைவை உதறி எடுத்தாள்.
மாஸ்கோவிலிருந்து ஊர் திரும்பிய எவனோ கொண்டுவந்தது.
"மாமனார் கம்ப்யூட்டரில் பார்க்க மாட்டார்.
டிவியில் வந்தால்தான் மகன் என்பார்."

ஏழு கோப்புகள்.
டிவிக்குப் புரிகிற பாஷைக்கு ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும்.
ஒரு நிமிஷப் படத்துக்கு என் கிழட்டு இயந்திரம்
மூன்று நிமிஷம் மூச்சு வாங்கும்.
உதடும் குரலும் சேர்ந்து போகின்றனவா என்று
நான் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.
இந்த ஊரில் யார் மெலிந்தார், யாருக்குப் பல் போனது
எல்லாம் வீட்டாருக்கு முன்னால் எனக்குத் தெரியும்.

மைராம்பெக் பதினைந்தாவது மாடியில்.
மைராம்பெக் சிமெண்ட் மூட்டைமேல்.
மைராம்பெக் மெட்ரோ வாசலில், யாருடையதோ தொப்பியில்.
ஐந்தாவது கோப்பில் ஓர் அறை, ஒரு மேஜை.
"அப்பா, முழங்கால் எப்படி இருக்கு?
கறுப்பு ஆட்டை மட்டும் வித்துடாதே" என்று பேசிக்கொண்டிருக்கிறான்.
திரையின் வலது ஓரத்தில் ஒரு கை வருகிறது.
கோப்பையைக் காதோடு பிடித்து நகர்த்தி வைக்கிறது,
போய்விடுகிறது.
பாதி உரிந்த சிவப்பு நகப்பூச்சு.
இரண்டு வினாடி இருக்கும்.

மூன்று முறை பின்னால் ஓட்டிப் பார்த்தேன்.
மைராம்பெக் இடதுகைக்காரன்; பள்ளியில் என் பக்கத்து பெஞ்சு.
கோப்பை அவன் இடதுபக்கம் வைக்கப்பட்டது,
காது அவன் கைக்கு வாகாகத் திரும்பி.
புது ஆள் அப்படி வைக்க மாட்டாள்.

வெட்டிவிடலாம். நான்கு கிளிக்.
வெட்டவில்லை.
ஷெர்ஷென் வீட்டில் இருப்பது பழைய ரூபின் டிவி,
தொப்பை தள்ளிய கண்ணாடி.
நாலு பக்கமும் இரண்டு விரல் அகலத்துக்குப்
படத்தைத் தின்றுவிடும் சாதி அது.
நான் எதையும் மறைக்கவில்லை,
டிவியின் பசிக்கு நான் என்ன செய்ய,
என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஏழு பத்துக்குத் தட்டு வெளியே வந்தது.
ஜிபார் கையுறையைக் கழற்றினாள்.
இரு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து,
"சூடா இருக்கே" என்றாள்.
வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
மார்க்கரால் பெயர் எழுதச் சொன்னாள்.
நாற்பது சோம் கொடுத்தாள், சில்லறையாக.

மூன்றாம் நாள் திரும்பி வந்தாள்.
"நல்லா வந்திருக்கு.
மாமனார் டிவியைப் பார்த்து பதில்கூடச் சொன்னார்,
ஆட்டை விக்கலைடான்னு."
சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.
காலணியின் பனி உருகித் தரையில் குட்டையானது.

"ஓரம் கொஞ்சம் வெட்டுப்படுது" என்றாள்.
"பழைய டிவி, அப்படித்தான்" என்றேன்.
"கோப்பை தானா நகர்ந்து வருது" என்றாள்.

இதை நான் யோசிக்கவில்லை.
ரூபின் விரல்களைத் தின்றது,
கோப்பையைத் தின்னவில்லை.
வெறும் மேஜையில் ஒரு கோப்பை
தானாகக் கால் முளைத்து
அவள் புருஷனை நோக்கி ஊர்ந்திருக்கிறது,
மாமனார் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது.

"நாலு பக்கமும் கறுப்பு விட்டு
படத்தைச் சின்னதாக்க முடியுமாமே.
முழுசும் தெரியணும்."
யார் சொன்னார்கள் என்று கேட்கவில்லை.
முடியும் என்றேன்.
பத்து சதவீதம் சுருக்கினால் போதும்,
அதற்கென்றே ஒரு கட்டம் இருக்கிறது.
ஐந்தாவது கோப்பு மட்டும்தானே என்று
வாய்வரை வந்ததை விழுங்கினேன்.

புதுத் தட்டைப் போட்டேன்.
அவள் கோட்டைக் கழற்றாமல் ஸ்டூலில் உட்கார்ந்தாள்,
என் திரைப் பக்கம் திரும்பவில்லை,
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.
ஏழு நாற்பது.
அரைமணி வேலை.
எட்டுக்கு மின்சாரம் போகும்,
அவளுக்கும் அது தெரியும்.
பொத்தானை அழுத்தினேன்.