மூன்றுக்குப் பதில் எட்டு

வண்ணார்பேட்டை அச்சகத்துப் பையன்
முதலில் காட்டியது ஏதோ பனிநாட்டு மரம்.
இலையெல்லாம் சிவப்பு.
வேம்பு போடு தம்பி என்றேன்.
வேம்பு தெளிவாக் கிடைக்காதுக்கா என்றான்.
அவன் கடை வாசலில்
வேம்பு ஒன்று
போர்டின் பாதியை மறைத்துக்கொண்டு நின்றது.

வாசகத்தில் ஒரு மணி நேரம் போனது.
'மரம் வெட்டப்படும்' என்றால்
வேரோடு சாய்க்கத்தான் கூப்பிடுவார்கள்.
'மர வைத்தியம்' என்றால்
மூட்டுவலிக்குத் தைலம் கேட்பார்கள்.
கடைசியில்
'கிளை கழிக்கப்படும். மரம் நிற்கும்'
என்று எழுதிக் கொடுத்தேன்.
மாசானம் வாசித்துவிட்டு
நிற்கும் என்பதற்கு அடியில் கோடு போடச் சொன்னார்.
கயிற்றில் தொங்குகிறவர் அவர்.
போட்டோம்.

நம்பரை யாரும் பார்க்கவில்லை.

புரட்டாசி முடியுமுன்னே
பெருமாள்புரம், தியாகராஜ நகர், கே.டி.சி. நகர்,
கேட் கேட்டாகச் செருகினோம் இரண்டாயிரம்.
பால் பாக்கெட்டுக்கு அடியில்,
பேப்பருக்கு நடுவில்.
ஒரு நாய் என் முந்தானையில் பாதியை
வைத்துக்கொண்டது.
பிறகு போனை நடுவீட்டில் வைத்து
உட்கார்ந்திருந்தோம் பத்து நாள்.
மெஷின் வாங்கிய கடனுக்கு
வட்டி கேட்டு மட்டும் அடித்தது.

பதினோராம் நாள் ஒரு பெண்குரல்.
"ஏளா, மரம் கழிக்கிற கூட்டம் நீங்கதானா?"
களக்காட்டில் வாழைத்தார் கமிஷன் கடையாம்.
பேர் உலகம்மாள்.
மூன்று இருக்க வேண்டிய இடத்தில் எட்டு விழுந்து
எங்கள் பிழைப்பெல்லாம்
அவள் தராசுக்குப் பக்கத்தில் போய் அடித்திருக்கிறது.
"கடைசி நம்பரை மாத்தி மாத்திப் போட்டேன்.
ஒண்ணு ஒரு போலீஸ்காரன்.
ரெண்டு எடுக்கவேயில்ல.
மூணு நீ."

வைவாள் என்று போனைக் காதிலிருந்து
கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.
"பதினாலு பேரு. எழுதி வச்சிருக்கேன், கேட்டுக்கோ.
மகராஜ நகர் டாக்டர் வீட்டு மாமரம்,
ரெண்டாயிரத்து ஐநூறு சொல்லியிருக்கேன்,
ரெண்டாயிரத்துக்குக் கீழ இறங்கிராத.
எல்.ஐ.சி.க்காரர் தென்னை நாலு,
காய் அவருக்கு, மட்டை உனக்கு.
ரஹ்மத் நகர்ல ஒருத்தி
கார் மேல இலை விழுதுன்னு
வேம்பை அடியோட எடுக்கச் சொல்லுதா.
முடியாதுன்னுட்டேன்.
நிற்கும்னு கோடு வேற போட்டிருக்காமே."

எங்களைப் பார்த்ததே இல்லை.
'பூனை மாதிரி ஏறுவான்,
ஓட்டுல ஒரு சுள்ளி விழாது'
என்று பதினாலு பேரிடமும் சொல்லியிருந்தாள்.
அதற்குப் பிறகு
ஓட்டில் சுள்ளி விழாமல் பார்ப்பது
எங்கள் பாடாகிவிட்டது.

டாக்டர் வீட்டு மாவில்
காற்று புகுந்து போக வழி விட்டு,
கிளையின் கழுத்தை ஒட்டி
கழுத்தைத் தொடாமல் அறுத்து
மாசானம் இறங்கினார்.
இவ்வளவுதானா வெட்டினீங்க என்றார் டாக்டர்.
இந்தத் தொழிலின் சங்கடம் அது.
ஒழுங்காகச் செய்தால் கண்ணுக்குத் தெரியாது.
ஐப்பசிக் காற்றில்
பக்கத்து வீட்டு முருங்கை
ஸ்கூட்டர் மேல் படுத்த ராத்திரிதான்
அவரே நாலு பேருக்குச் சொன்னார்.
அவர்களுக்கும்
நோட்டீஸ் நம்பரைத்தான் கொடுத்தார்.

உங்களுக்கு என்ன தர என்று கேட்டேன்.
"வாழையை வச்சிக்கிட்டு நான் எதைக் கழிக்க?"
சிரித்தாள். அப்புறம்,
"கடை பின்னால ஒரு மஞ்சணத்தி நிக்கி.
தகரத்தை உரசிக்கிட்டு
ராத்திரி கண்ணடைக்க விடல."

ஞாயிற்றுக்கிழமை போனோம்.
குரலை வைத்து நான் நினைத்ததில்
பாதி உயரம்தான் இருந்தாள்.
மரத்தைப் பார்க்காமல்
மாசானத்தையே மேலும் கீழும் பார்த்தாள்.
"பூனைன்னு சொல்லிட்டேனே,
இம்புட்டுத் தொப்பையா?"

தை பிறந்து மறுபடி வண்ணார்பேட்டை.
பையன் நாக்கைக் கடித்துக்கொண்டு
எட்டை அழிக்கப் போனான்.
அதை விடு என்றேன்.
வேம்பு கிடைச்சுதா, இல்லையா?