வரைதளம் கழுவுகிறவள்

ஷெர்பூர், 1885

கப்பல் முதலில் தரையில்தான் பிறக்கும்.
கருப்புச் சாயம் அடித்த பலகைத் தளம்.
அதன்மேல் சுண்ணக்கட்டியால்
முழு அளவில் கோடு போடுவார்கள்.
ஏராவை மிதித்துக்கொண்டு நடக்கலாம்.
வங்குக்கால்களுக்கு நடுவே உட்கார்ந்து ரொட்டி தின்னலாம்.
இரும்பு வெட்டி முடிந்த மறுநாள்
நான் வாளியோடு வருவேன்.
பன்னிரண்டு வருஷத்தில் முப்பத்தொரு கப்பல்களை
அழித்திருக்கிறேன்.
எந்தத் தளபதி அவ்வளவு செய்தான்?

எழுபத்தெட்டில் சீனர்கள் வந்தார்கள், நாலு பேர்.
பின்னலைச் சட்டைக்குள் செருகியிருப்பார்கள்,
பட்டறைப் பையன்கள் இழுப்பார்கள் என்று.
(இழுத்தார்கள்.)
அதில் ஷாவ் பெய்லின் என்பவன்
காலணியைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டுத்தான்
கோடுகளுக்குள் வருவான்.
காலுறையில் ஓட்டை. பிப்ரவரிக் குளிர்.
மூன்று மாதமாக அவர்கள் சம்பளம்
எங்கோ ஒரு கடலில் வந்துகொண்டிருந்தது.

முழங்காலால் நகர்ந்து நகர்ந்து பிரதி எடுத்தான்.
எங்கள் மீட்டரைத் தன் ஊர் அளவாக மாற்றும் கணக்கு
சட்டையின் கைவிளிம்பில், பென்சிலில்.
சலவைக்கார ஒர்தான்ஸ் ஒருநாள் அதை வெளுத்துக் கொடுத்தாள்.
அன்றைக்கு அவன் கத்தியது
எங்கள் எல்லோருக்கும் புரிந்தது.

நோட்டில் இரண்டு பத்தி.
இடது பக்கம் நாங்கள் சொல்லும் பெயர்,
வலது பக்கம் அவர்கள் பெயர்.
வலதில் பாதி வெறும் தாள்.
"மறந்துபோச்சா?" என்றேன்.
"இல்லை, இன்னும் பிறக்கவில்லை" என்றான்.
தறையாணிக்கு ஒரு பெயர் செய்ய
இரண்டு நாள் ஆயிற்று.
செய்தபின் மெல்லச் சொல்லிப் பார்த்தான், மறுபடியும் ஒருமுறை,
வார்ப்பில் விரிசல் இருக்கிறதா என்று
தட்டிப் பார்ப்பதுபோல.

ஒரு மாலை, அமரத்துப் பக்கம்,
எங்கள் மொழியில், பிழையோடு எழுதியிருந்தான்:
'கழுவவேண்டாம். நாளைவரை.'
கழுவவில்லை.
இரண்டரை பிராங்க் பிடித்துக்கொண்டார்கள்.
அவனிடம் சொல்லவில்லை.

எண்பதில் போய்விட்டான்.
மின் ஆற்றங்கரையில், எங்கள் பொறியாளர்கள்
முன்பு நிறுவிக்கொடுத்த தளத்தில்
இப்போது அவனே கோடு போடுகிறானாம்.
ஒரு கடிதம் வந்தது. எனக்கல்ல, மேஸ்திரிக்கு.
'தரை நல்ல தரை. ஈரம் அதிகம்.
சுண்ணம் நிற்கமாட்டேன் என்கிறது.'

இந்த டிசம்பரில் என் தம்பி தெசிரே வீட்டுக்கு வந்தான்.
கிழக்குக் கடற்படையில் கரி அள்ளுகிறவன்.
சிதர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.
போன வருஷம் ஆகஸ்டு என்றான்.
மதியம், அலை திரும்பும் நேரம்,
அரைமணிகூட ஆகவில்லை.
"நான் கீழே இருந்தேன், எதையும் பார்க்கல.
பீரங்கிக்காரன் சொன்னான், சிரமமே இல்லையாம்.
நம்ம கப்பல் மாதிரியே இருந்ததாம்.
கொதிகலன் எங்கே இருக்கும்னு
கண்ணை மூடிக்கிட்டே தெரியுமாம்."

மறுநாள் பட்டறையையும் சுட்டார்கள் என்றான்.
வெண்ணெய் கேட்டான்.
கொடுத்தேன்.

அந்தப் பட்டறை வாசலில்
ஒரு ஜோடி காலணி கிடந்ததா என்று
கப்பலின் வயிற்றில் கரி அள்ளியவனிடம்
எப்படிக் கேட்பது?

இன்று காலை, வாளி.
டார்பிடோ படகொன்றின் கோடுகள்.
வாங்குவது யாரென்று தாளில் இல்லை.
தண்ணீர் ஊற்றினால் சுண்ணம் பாலாகப் பரவும்,
துடைத்தால் போய்விடும்.
ஆனால் வளைவு போடுகிறவர்கள்
மரப்பட்டையை ஆணியால் நிறுத்துவார்கள்.
ஒவ்வொரு கப்பலும் தன் துளைகளை விட்டுவிட்டுப் போகிறது.
எது எதனுடையது என்று
தலைமை வரைவாளருக்கே தெரியாது.

அமரத்துப் பக்கம் குனிந்து பார்க்கிறேன்.
எல்லாத் துளையிலும் வெள்ளைத் தண்ணீர் நிற்கிறது.
காயட்டும் என்று நிற்க நேரமில்லை.
எட்டு மணிக்கு வந்துவிடுவார்கள்,
பூட்ஸோடு.