லைன் கிளியர்

செக்கானூரணி தாண்டி
ஐப்பசி மழை ஒரு வேப்பங்கிளையைப்
பதினோராயிரம் வோல்ட்டின் மேல் போட்டுவிட்டுப் போயிருந்தது.
கம்பத்தடியில் நான், இருளப்பன், ஒரு டார்ச்சு.
ஏணி சாத்தியாயிற்று.
இடுப்பில் கயிறு கட்டியாயிற்று.

சப்-ஸ்டேஷனிலிருந்து எல்.சி. வந்துவிட்டது.
அந்தோணிமுத்து போனில் சொன்னதை
ஜே.இ. ஒச்சம்மாள் திருப்பிச் சொன்னார்,
எண்ணோடு, நேரத்தோடு.
அவரையும் ஒருதரம் திருப்பிச் சொல்ல வைத்தார்.
மழைக்கோட்டுக்குள் நோட்டை ஒளித்துக்கொண்டு எழுதினார்.

முதல் படியில் கால் வைத்தேன்.

"இரு."

எங்கோ ஓர் உறுமல்.
எனக்குக் கேட்கவில்லை.
மழைச்சத்தம் என்றான் இருளப்பன், தவளை என்றேன் நான்.
"கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர்."
"சேஞ்சோவர ஒழுங்காத்தான் மாத்தியிருப்பாங்க மேடம்."
"தெரியல" என்றார்.
"பாத்துட்டு வர்றேன்."

இந்தத் 'தெரியல'வைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

இவருக்கு முன்னால் இருந்தவருக்கு எல்லாம் தெரியும்.
எந்தக் கம்பம் சாயும், எந்தக் கம்பி இழுக்கும்,
எவன் சோம்பேறி, எல்லாம்.
அவர் 'ஏறு' என்றால்
ஆளுக்கொரு சாமியைக் கும்பிட்டுக்கொண்டு ஏறுவோம்.

இவர் வந்த மூன்றாம் மாதம்
கருமாத்தூர் பக்கம் சுவிட்சை மாற்றிச் சொல்லிவிட்டார்.
எர்த் ராடு தொட்டதும் வெடித்தது பொறி,
ஃபீடர் அடித்து நின்றது.
யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.
ஒன்றும் ஆகாததை இங்கே யாரும் எழுதுவதில்லை.
மறுநாள் ரிஜிஸ்டரில் அவர் கையெழுத்தில் இருந்தது:
'தவறு என்னுடையது.'
கீழே, சொன்ன எண்.
அதற்கும் கீழே, சொல்லியிருக்க வேண்டிய எண்.
டீ குடிக்கப் போனவர்களை நிறுத்தி வாசித்துக் காட்டினார்.
நகல் பெரிய ஆபீசுக்குப் போனது.
இன்கிரிமென்ட் ஒன்று போய்விட்டதாகப் பேசிக்கொண்டார்கள்.
நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அன்றிலிருந்துதான்
சாமி கும்பிடாமல் கம்பம் ஏறுகிறேன்.
கும்பிடுவதுண்டு, வேறு விஷயங்களுக்கு.

மண்டபத்துக்கு அரை கிலோமீட்டர் சேறு.
போனை அணைக்காமலே நடந்திருக்கிறார்,
இருளப்பன் சட்டைப்பைக்குள்ளிருந்து
எல்லாம் கேட்டது:
மேளம், செருப்பில் சேறு சப்புக்கொட்டுவது,
ஒரு கனத்த குரல்,
"மாப்ள அழைப்பு நேரம். கரண்ட எப்பத்தான் விடுவீக?
நான் யாருன்னு தெரியுமா?"
"தெரியலங்க. ஜெனரேட்டர் எங்க இருக்கு?"

உறுமல் நின்றது.
நின்ற பிறகுதான்
அதுவரை கேட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் தொடங்கியது.

முழங்கால்வரை சேற்றோடு திரும்பி வந்தார்.
"தப்பா மாத்தியிருந்தாங்களா மேடம்?"
"இல்ல. சரியாத்தான் இருந்துச்சு."

அவ்வளவுதான். போகவர ஒரு கிலோமீட்டர், வெறுமனே.
இருளப்பன் என்னைப் பார்த்தான்,
நான் ஏணியைப் பார்த்தேன்.

"நான் சொல்லிட்டேன்னு தொட்றாத.
டெஸ்டரக் காட்டிப் பாரு,
ராடு மாட்டு, அப்புறம் ஏறு."

ஜெனரேட்டர் உறுமிக்கொண்டே இருந்தது.
ஏறினேன்.

மேலேயிருந்து நாகமலை ஒரு கருத்த முதுகு,
அதற்கப்பால் மதுரையின் வெளிச்சம்,
இந்தப் பக்கம் முழுக்க இருட்டு.
கீழே அவர் டார்ச்சைப் பிடித்திருந்தார்,
என் கண்ணில் படாமல்,
கைகளின் மேல் மட்டும்.

கிளை மூன்றாவது வெட்டில் விழுந்தது.