கால் சுற்று

முதல் ஊசி ஒரு சிரட்டையில் போய்த் தைத்தது,
பால் வடிந்துகொண்டிருந்த சிரட்டை.
சிறுத்தை தலை தூக்கி எங்களைப் பார்த்தது.
பிறகு, அவசரமே இல்லாமல்,
நாலாவது வரிசை ரப்பர் மரங்களுக்குள் இறங்கிப் போனது.

கீரிப்பாறையில் அன்று
ஆளுக்கொரு காரணம் இருந்தது.
காளிகேசத்திலிருந்து இறங்கும் காற்று என்றார் ரேஞ்சர்.
சிலிண்டரில் அழுத்தம் குறைவு என்றார் டிரைவர் வில்பிரட்.
கை நடுங்கியிருக்கும் என்று யாரோ சொன்னது
டாக்டர் ரெஜிலாவின் காதிலும் விழுந்தது.
அவர் கையை ஒருமுறை விரித்துப் பார்த்துவிட்டு
சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஏழு ஆடு போன ரோசம்மா மட்டும்
காரணம் கேட்கவில்லை.
"எட்டாவதும் போவும்" என்றாள்.
"கட்டிப் போட்டிருக்கது எனக்க கிடாதானே ஓய்."

துப்பாக்கி என் பொறுப்பு.
அன்றிரவு நாகர்கோவில் ஆபீசில்
மேசைமேல் சாய்த்து ஸ்கோப்பைப் பிடித்து அசைத்தேன்.
அசையவில்லை.
இன்னும் கொஞ்சம்.
'டிக்'.
ஒரு தலைமுடிக் கனம், மிஞ்சினால் இரண்டு.

பின்வளையத்துக்குக் கீழே, அடித்தகட்டில்
ஒரேயொரு திருகாணி
கால் சுற்று தளர்ந்திருந்தது.
முப்பது மீட்டரில் அது நாலு விரல்.
இரண்டு மரங்களுக்கு நடுவே தெரிந்த தொடையே
ஒரு கையகலம்தான்.

ஜீப்பு குலுங்கியது உண்மை.
குலுக்கலைத் தாங்கத்தானே திருகாணி.
காரணம் நான்.
உப்புக்காற்று இரும்பைத் தின்கிற ஊர் இது.
கதவுக் கீல், சைக்கிள் செயின், கிணற்று உருளை என்று
எண்ணெய் விட்டே பழகிய கை
அந்தப் புரிகளிலும் ஒரு சொட்டு விட்டது,
தையல் மிஷினுக்கு விடும் அதே எண்ணெய்.
அக்கறையோடுதான் விட்டேன்.
வழுக்குகிற இரும்புக்கு
அக்கறை என்ன, அலட்சியம் என்ன.

எல்லாவற்றையும் கழற்றினேன்.
ஸ்பிரிட்டில் நனைத்த துணியால்
துணி வெள்ளையாகவே திரும்பும்வரை துடைத்தேன்.
உதைக்கும்போது துப்பாக்கி பின்னால் போகும்,
ஸ்கோப் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும்.
அதனால் தகட்டை முன்னே தள்ளி
முட்டுகிற இடத்தில் முட்ட வைத்தேன்.
குண்டூசித் தலையளவு நீலப் பசை.
மூலைக்கு எதிர்மூலை,
இதில் கொஞ்சம், அதில் கொஞ்சம்,
டார்க் ரெஞ்ச் 'கிளிக்' என்றதும் நிறுத்தினேன்.

இன்னும் ஒரு பிடி பிடிக்கட்டுமா என்றது கை.
வேண்டாம்.
பயந்து இறுக்கினால் குழாய் நசுங்கும்.

அக்கவுண்ட்ஸ் ஸ்டெல்லாபாயின் மேசை டிராயரில்
நகப்பூச்சு இருந்தது.
திருகாணித் தலையிலிருந்து தகடுவரை
ஒரு சிவப்புக் கோடு இழுத்தேன்.
கோடு முறிந்தால் இனி
காற்றை விசாரிக்க வேண்டாம்.

காலையில் டாக்டரிடம் சொன்னேன்.
எண்ணெய் என்றேன். நான்தான் என்றேன்.
அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.
பையிலிருந்து கையை எடுத்தார்.
"சரி, அட்டையில மூணு போடுவோம்."
மூன்றும் ஒரு சிரட்டை வாய்க்குள் அடங்கின.

ஒன்பதாம் நாள் விடியும் முன்
அதே இடத்தில் வந்து நின்றது.
சத்தம் கேட்டுத் திரும்பியது,
இருபது அடி ஓடியது, உட்கார்ந்தது,
முன்னங்கால்மேல் தாடையை வைத்தது.
டார்ச்சோடு எல்லோரும் அங்கே ஓடினார்கள்.
நான் துப்பாக்கியை மடியில் போட்டு
கோட்டைப் பார்த்தேன்.
முறியவில்லை.
அதற்குப் பிறகுதான் சிறுத்தையைப் பார்க்கப் போனேன்.
நாக்கு வெளியே கிடந்தது, சின்னதாக.

கூண்டு ஏற்றும்போது ரோசம்மா பக்கத்தில் வந்தாள்.
"அது என்ன சிவப்பா?"
"நகப்பூச்சு."
நம்பாமல், பால் காய்ந்து கறுத்த விரலை நீட்டினாள்.
"தொடாண்டாம்!"
நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

கையை இழுத்துக்கொண்டு
கிடாவை அவிழ்க்கப் போனாள்.
அந்த முடிச்சும் நான் போட்டதுதான்.
நகத்தால் கிள்ளிப் பார்த்தாள்,
பல்லால் இழுத்துப் பார்த்தாள்,
கடைசியில் என்னைப் பார்க்காமலே
வெட்டுக்கத்தி கேட்டாள்.